ஆள்கூறும் ஒரு தண்ணீர்த் தாங்கியும்

மடத்துவெளியில் எங்கள் ஒழுங்கையில் மூன்று வீடுகள். ஒரு முனையில் நான், மறுமுனையில் கடற்தொழில் செய்யும் அண்ணை, நடுவில் தனியாக இருக்கும் அக்கா. கிணறுகள் உவர்; குடிக்க, ஒழுங்கை வாசலுக்கு வரும் பவுசர் லொறித் தண்ணீர்தான். முழங்கால் நோவோடு அக்கா ஒழுங்கை வாசல்வரை போய், ஒரு சின்ன வாளியில் தூக்க ஏலுமான அளவைத்தான் குடிப்பார்.

இந்தக் கோடையில் பிரதேச சபையில் மூன்று வீட்டுக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்த் தாங்கி தந்தார்கள். எங்கே வைப்பது?

"உம்மட வாசல் படலையடியில வைச்சால் அது உம்மட தாங்கியாப் போயிடும், மாஸ்டர்."

"உங்கட படலையடியில வைச்சால் மட்டும் என்னவாம், அண்ணை?"

அப்போதுதான் எனக்குள் இருந்த கணித ஆசிரியன் விழித்துக்கொண்டான். "சேர், ஆள்கூற்றுக் கேத்திரகணிதம் எங்க உதவும்?" என்று பிள்ளைகள் கேட்கும்போதெல்லாம் "சோதினையில" என்று சொல்லித் தப்பியவன் நான். இப்போது கைத்தொலைபேசியோடு மூன்று படலைக்கும் நடந்து அவை இருக்கும் இடத்தைச் சொல்லும் எண்களை, அதாவது ஆள்கூறுகளை, எடுத்தேன். மூன்றுக்கும் சமதூரத்தில் உள்ள புள்ளியைக் கண்டுபிடித்தால் யாரும் வாய் திறக்க முடியாதல்லவா?

கண்டுபிடித்தேன். அது கடலுக்குள் இருந்தது.

மூன்று வீடுகளும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் இருந்தால் அந்தப் புள்ளி தூர ஓடிவிடும். இரண்டு தரம் சரிபார்த்தேன். கணக்கில் பிழையில்லை, அதுதான் இன்னும் மோசம்.

"அப்ப தண்ணி எடுக்க என்ர வள்ளத்திலயோ போறது?" என்றார் அண்ணை.

எல்லோருக்கும் சமதூரம் என்றால் எல்லோருக்கும் தூரம் என்றும் ஆகலாம். தாளில் மூன்று புள்ளிகளும் ஒரே மாதிரித்தான் இருந்தன. புள்ளிக்கு முழங்கால் இல்லை. 'ஆள்கூறு' என்று பெயர் வைத்தவர், ஆளையும் ஒருக்கால் கூறவிடு என்றுதான் வைத்தாரோ என்னவோ. நாங்கள் இரண்டு பேரும் அக்காவை ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.

போய்க் கேட்டோம்.

"என்ர வாசல்ல வையுங்கோ எண்டு நான் எப்பிடிக் கேக்கிறது? பிறகு ரெண்டு பேரும் சேர்ந்து என்னோட சண்டைக்கு வருவியள்." சற்று யோசித்தார். "வைக்கிறதெண்டால் பைப்பை ஒழுங்கைப் பக்கம் திருப்பி விடுங்கோ. ஆரும் என்னட்டைக் கேளாமல் பிடிக்கட்டும்."

என் தாளில் பைப்பின் முகத்தைக் குறிக்க இடமே இருக்கவில்லை.

அப்படியே வைத்தோம். அண்ணை ஏன் உடனே சம்மதித்தார் என்பது முதல் வாளியைத் தூக்கி வரும்போதுதான் விளங்கியது. அக்காவின் படலையிலிருந்து அதிக தூரம் என் வீட்டுக்குத்தான். நான் எடுத்த ஆள்கூறுகளிலேயே அது இருந்தது.