கேதீஸ்வரி வேண்டாம் என்ற கணினி

கடை மேசையில் அந்தக் கணினி சிவப்பும் நீலமுமாய் மினுங்கிக்கொண்டிருந்தது. சதீசன் அதைப் படம்கூட எடுத்துவிட்டான். அவன் மனைவி கேதீஸ்வரிதான் இன்னும் வாய் திறக்கவில்லை.

"கட்டித் தரட்டா அக்கா?" என்று கேட்டான் நிதுர்ஷன். புளியந்தீவில் கடை போட்டிருப்பவன். சதீசனின் விளையாட்டுக் கழகத்துத் தம்பி.

"பக்கத்து மூடியக் கழட்டிக் காட்டுங்க தம்பி."

பழுகாமத்தில், வீட்டு முன்னறையில் இருந்தபடி கல்யாண அட்டை, கோயில் நோட்டீஸ், நினைவு மலர் என்று தட்டச்சு செய்து கொடுப்பவள் கேதீஸ்வரி. போன மாரியில் ஒரு மின்னலோடு அவளுடைய பழைய கணினி செத்துப்போனது. அதற்குள் ஒரு நினைவு மலர் இருந்தது. அன்னப்பூரணி என்ற தாய், செத்துப்போன மகனைப் பற்றிச் சொல்லச் சொல்ல, கேதீஸ்வரி பக்கத்தில் இருந்து தட்டச்சு செய்தது. வேறு பிரதி இல்லை.

"திருப்பி ஒருக்காச் சொல்லுங்கம்மா" என்று அந்த வீட்டில் போய்க் கேட்க வேண்டி வந்தது. அன்னப்பூரணி சொல்லத் தொடங்கினார். பாதியில் எழுந்து உள்ளே போனவர் திரும்பி வரவேயில்லை. மலர் அந்தப் பாதியோடுதான் அச்சானது. அதன் பிறகு கேதீஸ்வரி அந்த வீட்டு ஒழுங்கை வழியால் போவதை விட்டுவிட்டாள்.

"கழட்டினா வாரண்டி போயிடும் அக்கா."

"விக்கிற நீங்க கழட்டினா எப்பிடிப் போகும்?"

சதீசன் அவள் பக்கம் குனிந்தான். "அவன் நம்மட பொடியன். எடுக்கிறம் எண்டு நான் நேத்தே சொல்லிட்டன்."

அவளுக்கு அது இப்போதுதான் தெரியும். அவள் மூடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். நிதுர்ஷன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திருகாணிகளைக் கழற்றினான். உள்ளே விளக்கு மின்னும் மூன்று விசிறிகளும் விளையாட்டுக்கான பெரிய கார்டும் இருந்தன. மின்சாரம் வாங்கும் பவர் சப்ளைப் பெட்டியிலோ கம்பனிப் பெயரே இல்லை. டிஸ்க் ஒன்றே ஒன்றுதான்.

"இந்த விளக்கும் கார்டும் எனக்கு வேணாம். அந்தக் காசுக்கு நல்ல பவர் சப்ளையும், பிரதி வைக்க இன்னொரு டிஸ்கும், யூபிஎஸ்சும் போடுவீங்களா?"

"இது செட் அக்கா. பிரிச்சுத் தர ஏலாது."

"அப்ப வேணாம் தம்பி."

கடையில் நின்ற மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சதீசன் வெளியே போய் மோட்டார் சைக்கிளில் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

அவள் தனியாகவே அடுத்த தெருவுக்கு நடந்தாள். அங்கே சின்னக் கடை ஒன்றில் இருந்த றிப்ஷான், "என்ன வேலைக்கு?" என்று முதலில் கேட்டான். அவள் வேலையையும் கையிலுள்ள காசையும் சொன்னாள். ஒளியும் மினுக்கமும் இல்லாத ஒரு கறுப்புப் பெட்டியைத் தூக்கி வைத்தான்.

"இது புதுசில்ல. ஒரு ஒபிஸ்ல பாவிச்சது. புது டிஸ்க் ரெண்டு போட்டுத் தாறன். யூபிஎஸ்சோட சேத்து உங்கட கணக்குக்குள்ள வரும். பழைய மொனிட்டர் நல்லாருந்தா அதையே வச்சுக்கங்க."

பாவித்த சாமான். இது பழுதானால் சதீசன் ஆயுளுக்கும் சொல்லிக்காட்டுவான். கைப்பையின் பட்டியை முறுக்கிக்கொண்டே நின்றவள் கடைசியில், "தாங்க" என்றாள்.

பட்டிருப்புப் பாலம் தாண்டி ஊர் வரும்வரை மோட்டார் சைக்கிளில் இரண்டு பேருக்கும் நடுவில் அந்தப் பெட்டிதான் இருந்தது.

வீட்டில் வயர் எல்லாம் பூட்டி, பொத்தானை அழுத்தினாள். விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே கிடந்தது. உள்ளேயிருந்து கீச்கீச்சென்று ஒரு சத்தம் மட்டும் வந்தது.

"இப்பச் சந்தோசமா?" என்றான் கதவோடு சாய்ந்து நின்ற சதீசன். சொல்லிவிட்டு முற்றத்துக்கு இறங்கிப் போனான்.

றிப்ஷானுக்குப் போன் எடுத்தாள். "ரோட்டில குலுங்கி உள்ள இருக்கிற ராம் கார்ட் இளகியிருக்கும். கரண்டக் கழட்டிட்டு, அதை எடுத்து அமத்திப் போடுங்க" என்றான். வேர்த்த விரல்களைச் சீலையில் துடைத்துத் துடைத்து அமத்தினாள். டக்கென்றது. பிளக்கைப் போட்டு மறுபடியும் பொத்தானை அழுத்தினாள். திரையில் வெளிச்சம் வந்தது.

அவள் அழுதது சதீசனுக்கு முற்றத்தில் கேட்டிருக்க வேண்டும். உள்ளே வந்தான்.

"வேலை செய்யுதா?"

"ஓம்."

திரையை எட்டிப் பார்த்தான். "நீ அவன்ட பெட்டியத்தான் கழட்டச் சொன்னாய். எனக்கு நான் குடுத்த வாக்கக் கழட்டிப் பாத்தாப்போல இருந்திச்சு."

"வாக்குக் குடுக்க முந்தி என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்."

"கேட்டிருக்கலாம்தான்" என்றான்.

கணினி இன்றுவரை ஒழுங்காக ஓடுகிறது. நிதுர்ஷன்தான் சதீசனோடு கதைப்பதில்லை. சித்தாண்டிக் கோயில் திருவிழாவில் எதிரே வந்தவன், இவர்களைக் கண்டதும் கச்சான் கடலைக் கடைப் பக்கம் திரும்பிக்கொண்டான். கூப்பிடக் கையை உயர்த்திய சதீசன், அந்தக் கையால் தலையைச் சொறிந்துகொண்டான்.