சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மேட்ரன்

அந்த வீட்டை நினைத்தால் முற்றத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்த சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலிகள்தாம் முதலில் கண்ணில் வரும். மார்த்தாண்டத்திலிருந்து உள்ளே போகும் சாலையில், ரப்பர் மரங்களுக்கு நடுவே இருந்த வீடு. நான் ஸ்கூட்டரை நிறுத்தும்போது நாற்காலிகள் முற்றத்தில் இல்லையென்றால் உள்ளே ஜெபக்கூட்டம் நடக்கிறது என்று அர்த்தம். முடியும்வரை வெளியே காத்திருப்பேன். கொடியில் காய்ந்த ரப்பர் ஷீட்டின் புளித்த நெடியில், சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வேன். அன்றாடம் எனக்குக் கிடைத்த ஓய்வு அவ்வளவுதான்.

இனிக் குணமாகாது என்று மருத்துவமனைகள் அனுப்பிவிட்டவர்களை வீடு தேடிப்போய்ப் பார்ப்பது என் வேலை. புண்ணைக் கழுவிக் கட்டுவேன், சிறுநீர்க் குழாய் மாற்றுவேன், வலி மருந்து போதுமா என்று பார்ப்பேன். அந்த வீட்டில் படுத்திருந்தவரும் ஒரு நர்ஸ்தான். மிஷன் மருத்துவமனை ஒன்றில் நர்ஸ்களுக்கெல்லாம் தலைவியான மேட்ரனாக இருந்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். வயிற்றில் தொடங்கிய புற்றுநோய் ஈரல்வரை போயிருந்தது. கணவரை இழந்த தங்கைதான் கூட இருந்து பார்த்துக்கொண்டார். மேட்ரன் கையைப் பிடித்து ஜெபித்த பிறகே பலர் அறுவைச் சிகிச்சைக்குப் போவார்களாம். "சரீரத்தை மட்டும் தொடச்சா தரை தொடச்ச மாதிரிதான். ஆத்துமாவையும் ஆவியையும் சேத்துப் பாக்கணும்" என்று பயிற்சிப் பெண்களிடம் சொல்வாராம். அப்படிப்பட்டவர் படுக்கையில் விழுந்தபோது சபைப் பெண்கள் சும்மா இருப்பார்களா? ஒவ்வொரு மாலையும் அறை நிறைய வந்து பாடினார்கள், உரக்க ஜெபித்தார்கள். மேட்ரன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருப்பார்.

அவர்கள் போன பிறகு நான் உள்ளே போனால் நாடி வேகமாக ஓடிக்கொண்டிருக்கும். வியர்த்திருப்பார், வாந்தி எடுப்பார், வலி உச்சத்தில் நிற்கும். டாக்டரிடம் சொல்லி மருந்தைக் கூட்டினோம். மறுபடியும் கூட்டினோம். காலையெல்லாம் மயங்கிக் கிடந்தாரே தவிர மாலை வலி குறையவில்லை. ஒருநாள் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தேன். முகத்தைத் திருப்பாமலே பேசினார்.

"மருந்தைக் கூட்டாண்டாம் மக்கா. ஆளைக் கொறை."

"யாரை மேட்ரன் அம்மா?"

"எல்லாரையும். எனக்கு ஜெபம் வேண்டாம்."

துணியைப் பிழிந்தபடி, "கர்த்தர்மேல கோவமா?" என்று கேட்டேன்.

"கோவப்படவும் சத்து வேணும், கேட்டியா? அவரு அவருக்க வேலையப் பாக்கட்டு. நான் தளந்து போனேன்." பிறகு சொன்னார்: "நான் கையைப் பிடிச்சு ஜெபிக்கும்போ சிலபேரு கண்ணை மூடிக்கிட்டுக் கெடப்பாவ. சமாதானம் வந்துட்டுன்னு நெனப்பேன். என்னை மாதிரி பொறுத்துக்கிட்டுக் கெடந்தாவளோ என்னமோ."

முதுகைத் துடைத்து முடித்து, பவுடர் போட்டு, தலையணையைச் சரிசெய்தேன்.

அடுக்களையில் தங்கை மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"அக்காவா அப்படிச் சொன்னா?"

"ஆமா மாமி. ஜெபத்தை நிறுத்தாண்டாம். வெளிய இருந்து ஜெபிக்கட்டும். அவங்க பக்கத்துல நீங்க மட்டும் இருங்க."

"இருந்து என்ன செய்ய?"

"காலைத் தடவிக் கொடுங்க. நல்லா வீங்கியிருக்கு."

"எத்தனையோ பேரை ஜெபம் பண்ணி வழியனுப்புனவ," என்றார் அவர். "கடைசியில அவளே வேண்டாம்னு போனா, பரலோகத்துல போயி நான் அவளைப் பாப்பனா?"

அவருக்கு இருந்தது பக்திப் பெருமை என்று அதுவரை நினைத்திருந்தேன். அது பயம். அக்காவை இங்கேயும் இழந்து, அங்கேயும் இழந்துவிடுவோமோ என்கிற பயம். அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

மறுநாள் சபை போதகர் எனக்கு போன் செய்தார். "நீங்க உடம்பைப் பாருங்க சிஸ்டர். ஆவியை நாங்க பாத்துக்கிடுகோம்" என்றார். குரலில் கடுமை இல்லை. ஆனால் எங்கள் அலுவலகத்துக்கும் பேசியிருந்தார். பார்த்து நடந்துகொள்ளும்படி அங்கிருந்தும் சொன்னார்கள். நான் போக வேண்டிய வீடுகள் இன்னும் பல இருந்தன. வாதாடத் தெம்பில்லை. "அவங்க கேட்டதைத்தான் சொன்னேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

முடிவெடுத்தவர் தங்கைதான். அடுத்த முறை நான் போனபோது சபைப் பெண்கள் முன்வராந்தாவில் தாழ்ந்த குரலில் ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். அறைக்குள் தங்கை, உள்ளங்கையில் தேங்காயெண்ணெயோடு, அக்காவின் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேட்ரன் இந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் பலாமரத்திலிருந்து சக்கைப்பழம் திருடியது யார் என்று இருவருக்கும் சண்டை. அன்று வாந்தி இல்லை. அந்த வாரமே டாக்டர் மருந்தைக் குறைத்தார். ஜெபம் வேண்டுமென்று மேட்ரன் கடைசிவரை கேட்கவில்லை. தங்கையும் கேட்டு வற்புறுத்தவில்லை. ஆனால் எண்ணெய் தடவும்போது அவர் உதடு அசைவதை நான் பார்த்திருக்கிறேன். மேட்ரனும் பார்த்திருப்பார்.

இப்போது புதிதாக வரும் நர்ஸ்களுக்கு வகுப்பெடுக்க என்னை அழைக்கிறார்கள். உடம்புக்குச் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்லிவிடுவேன். ஆவிக்கு என்ன செய்வது என்று யாராவது கேட்டால் களைப்பாக வரும். மேட்ரன் இறந்துபோன அந்தக் காலைப்பொழுதுதான் நினைவில் வந்து நிற்கும்.

மழை பெய்துகொண்டிருந்தது. தங்கை கஞ்சித்தண்ணி எடுக்க அடுக்களைக்குப் போயிருந்தார். மேட்ரன் கண் திறந்து, தெளிவாக, "கொச்சு எங்க?" என்று கேட்டார். தங்கைக்கு வீட்டில் அதுதான் பெயர். நான் கூப்பிட்டேன். தங்கை ஈரக்கையோடு ஓடிவந்து பாதத்தைப் பிடிக்கும்போது மூச்சு இருந்தது. பிறகு இல்லை.

போதகரும் பெண்களும் வந்து வாசலில் நின்றார்கள். எல்லார் முன்னாலும் தங்கை என்னிடம் கேட்டார்: "நீதான பக்கத்துல இருந்த. கர்த்தருக்க பேரைச் சொன்னாளா?"

ஆமாம் என்று சொல்வது எளிது. எல்லாரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள்.

"உங்க பேரைத்தான் மாமி சொன்னாங்க," என்றேன். "கொச்சு எங்கன்னு கேட்டாங்க."

தங்கை என்னையே பார்த்தார். பிறகு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, அக்காவின் காலைத் தூக்கி மறுபடியும் மடியில் வைத்துக்கொண்டார்.

"இங்கதான் இருக்கேன், அக்கா," என்றார்.