சரிவுக்கு ஒரு தள்ளுபலகை

ஏரிக்கரைக்குக் கீழே வீடு கட்டியவர் யாரோ, அவர் ஒரு நாளும் மண் வாரியிருக்க மாட்டார். மேனாம்பேட்டில் நான் வாழ்க்கைப்பட்டு வந்த வீடு அது. மேலே கரையில் வண்டிப்பாதை போகும். அங்கிருந்து எங்கள் வாசற்படிக்கு ஒரு சரிவு இறங்கும். நீளம் ஒன்றுமில்லை, ஒரு மாட்டுவண்டி நின்றால் நிறைந்துவிடும். ஆனால் ஏணியைச் சாய்த்து வைத்த மாதிரி செங்குத்து.

ஐப்பசி பிறந்தால் கரை மண் கரைந்து அந்தச் சரிவு வழியாக எங்கள் வாசலில் வந்து உட்காரும். செம்மண் சேறு, கணுக்கால் புதையும். அதை வாரி ஓரத்துப் பள்ளத்தில் தள்ளாவிட்டால் அடுத்த மழைக்குத் தண்ணீர் போக வழியில்லாமல் வீட்டுக்குள் வந்துவிடும். இன்று வாரினால் நாளை அதே மண் திரும்ப வரும். நான் அந்த வீட்டில் கழித்த மழைக்காலங்களில் மழையை ரசித்ததாக எனக்கு நினைவே இல்லை.

வாரியது நான்தான். வயல் ஆம்பிளையுடையது, வாசல் பொம்பளையுடையது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். சாணி தெளிக்கிற, கோலம் போடுகிற இடத்தில் ஆண் கை வைத்தால் ஊர் சிரிக்கும். அந்தச் சரிவும் வாசலோடு சேர்ந்துபோனதால் என் தலையில் விழுந்தது. அப்படித்தான் ஒரு மழையில் கூடை கூடையாகச் சேறு சுமந்து, அன்று சாயங்காலமே என் வயிற்றில் இருந்தது கலைந்து போயிற்று. என் புருஷன் அன்று வீட்டில் இல்லை. ஆவடியில் பட்டாளத்துக்காரர்களுக்குக் கொட்டகை போடும் வேலைக்குப் போயிருந்தார். சண்டைக் காலம், ஒரு நாள் போகாவிட்டால் வேலை கைவிட்டுப் போய்விடும். வந்து விஷயம் தெரிந்ததும், “உடு, இன்னொண்ணு பொறக்காமயா போவுது” என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அது ஆறுதலாக இல்லை.

அடுத்த வருஷம் மழை நெருங்கும்போது நான் மறுபடியும் உண்டாகியிருந்தேன். மருத்துவச்சி, குனியக் கூடாது, சுமக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனாள். அன்று சோறு போடும்போதே கேட்டேன்.

“இந்த வாட்டி மண்ண நீயே வாரிப் போட்டுடு மாமா.”

“நானா? வாசல ஆம்பள வாரினா கரைமேல போறவன் இன்னா சொல்லுவான்? இருமே, அதுக்கு எதுனா ஒரு சாமான் பண்ணுவோம்.”

அன்றிலிருந்து வீட்டில் சாமான் பேச்சுதான். என் கொழுந்தன் முதலில் பரம்பைச் சொன்னார். உழுத வயலைச் சமன் செய்ய மாட்டைக் கட்டி இழுக்கிற பலகை அது. “மாடு இழுத்துகினு போவும் அண்ணி, நீ சும்மா நின்னுகினு பாரு” என்றார். ஒரு சின்ன மழை பெய்த மறுநாள் கட்டியும் பார்த்தார்கள். மாடுகள் சறுக்கிக்கொண்டே இறங்கி, வாசற்படியில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றன. திரும்ப இடமில்லை. ஏறவும் மனமில்லை. ஒன்று என் அடுக்களையைப் பார்த்து மூத்திரம் பெய்தது. அதையும் நான்தான் கழுவினேன்.

பிறகு என் புருஷன் ஆவடியிலிருந்து ஒரு கதை கொண்டுவந்தார். அங்கே ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய், தன் ஊரில் வாசல் வரைக்கும் பனி முழங்கால் உயரம் விழும் என்று சொன்னானாம்.

“அத வாரி அப்பால வீசறதுக்கு மிஷினே கீதாம்மே! வாய் மாதிரி இருக்குமாம். முன்னால முழுங்கி, பக்கத்துல துப்புமாம்.”

“அந்த மிஷின யாரு தள்ளுவாங்களாம்?” என்று கேட்டேன்.

அதை அவர் விசாரிக்கவில்லை. மிஷின் இல்லாதவர்கள் அகலப் பலகையில் நீளக் காம்பு மாட்டித் தள்ளுவார்கள் என்று மட்டும் தெரிந்துகொண்டு வந்திருந்தார். குனிய வேண்டாம், சுமக்க வேண்டாம், நின்றபடியே மண்ணைப் பள்ளத்தில் தள்ளிவிடலாம். அண்ணனும் தம்பியும் பலகை எவ்வளவு அகலம், என்ன மரம், விளிம்பில் தகடு அடிப்பதா வேண்டாமா என்று தினமும் பேசினார்கள். எனக்குக் கேட்கக் கேட்க அலுத்தது. எதால் தள்ளுவது என்று இத்தனை பேச்சு. யார் தள்ளுவது என்பது மட்டும் பேசாமலே முடிவாகியிருந்தது.

பூந்தமல்லியில் ஒரு பாய் தச்சுப் பட்டறை வைத்திருந்தார். என் புருஷன் அவரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். ஆயுத பூஜைக்கு முதல் நாள் பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு, பெருமையாகச் சரிவில் இறங்கி வந்தார். என் கையில் கொடுத்தார். காம்பு என் தலைக்கு மேலே நின்றது. சாய்த்துப் பிடித்தாலும் நுனி என் முகத்தில் வந்து இடித்தது.

நடந்தது இதுதான். காம்பு போட்ட எந்தச் சாமானையும் பிடிக்கப்போகிறவன் உடம்புக்கு அளந்து செய்வதுதான் எங்கள் பக்கத்துப் பழக்கம். பிடிக்கிறவனேதான் பட்டறைக்குப் போவான். வாசல் மண்ணைத் தள்ளப்போவது பெண்டாட்டி என்று என் புருஷன் சொல்லவில்லை, பாயும் கேட்கவில்லை. எதிரே நின்ற ஆளின் தோளுக்கு அளந்து செய்து கொடுத்துவிட்டார். என் புருஷன் நல்ல உயரம். நான் அவர் தோளுக்குக் கீழே.

“அதுக்கின்னா, பூஜை முடியட்டும். மேல கொஞ்சம் அறுத்துட்டா சரியாப் பூடும்” என்றார்.

மறுநாள் மண்வெட்டி, கலப்பை, அரிவாள் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பது என் வேலை. தள்ளுபலகைக்கு மட்டும் பலகையில் வைக்காமல், காம்பின் உச்சியில் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தேன். யோசித்துத்தான் வைத்தேன். கற்பூரம் காட்டி முடிந்த பிறகு என் கொழுந்தன் ரம்பத்தைத் தேடினார்.

“பொட்டு வெச்சுப் படைச்சத அறுப்பீங்களா?” என்றேன்.

ரம்பத்தை எடுத்தவர் அண்ணன் முகத்தைப் பார்த்தார். என் புருஷன் காம்பின் உச்சியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ரம்பத்தை வாங்கி உள்ளே வைத்துவிட்டார்.

அந்த வாரமே அடித்து ஊற்றியது. காலையில் மழை விட்டபோது சரிவு முழுக்கச் சேறு. நான் கதவருகே உட்கார்ந்துகொண்டேன். நான் எழுந்திருக்கவில்லை. அவர் கொஞ்ச நேரம் கரையைப் பார்த்தார், வேட்டியை மடித்துக் கட்டினார், பலகையை எடுத்தார்.

கரைமேல் போன ஒருவன் நின்று வேடிக்கை பார்த்தான்.

“இன்னா அண்ணாத்தே, அப்படியே கோலமும் போட்டுடுவியா?”

இவர் பலகையை மண்ணில் ஊன்றினார். தள்ளினார். சறுக்கி விழுந்தார், எழுந்து மறுபடி தள்ளினார். பாதி முடிவதற்குள் மூச்சு வாங்கியது. அவ்வளவு நல்ல பலகையை வைத்துக்கொண்டும் அப்படி. எனக்கு அதைப் பார்த்துச் சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. அலுப்பும் கோபமும்தான் வந்தன.

முடித்துவிட்டு வந்து படியில் உட்கார்ந்தார். உள்ளங்கை இரண்டும் கொப்புளித்திருந்தன. சொம்பில் தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு சரிவைப் பார்த்தபடி கேட்டார்.

“போன வருசம், அன்னிக்கு... இவ்ளோ மண்ணா இருந்துச்சி?”

“இதுக்கு மேலயே இருந்துச்சி” என்றேன். “கூடையில சொமந்தேன்.”

அவர் சொம்பைக் கீழே வைத்தார். போன குழந்தைக்காக அந்த வீட்டில் அதுவரை நான் ஒருத்திதான் அழுதிருந்தேன். அன்றைக்கு அவரும் அழுதார்.