நான் தூக்கிக் காட்டிய கை

எண்பதுகளின் கடைசியில், ஒரு மார்கழி மாதச் சனிக்கிழமை சாயங்காலம், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கால்பந்து மைதானத்தில் நடந்தது இது. அப்போது நான் ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில் பி.காம். கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். கல்லூரி கால்பந்து அணிக்கு நான்தான் கேப்டன். பிரமாதமாக ஆடுவேன் என்று சொல்ல முடியாது. சத்தம் போட்டு ஆட்களை விரட்டத் தெரியும், அதனால் கேப்டன் ஆக்கியிருந்தார்கள்.

உண்மையான ஆட்டக்காரன் என் நண்பன். சேத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவான். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். ஆனால் எங்களிடம் மறந்தும் ஒரு வார்த்தை தெலுங்கில் பேசமாட்டான், கேலி செய்வோம் என்று கூச்சம். நாங்கள் இரண்டு பேரும் பின்வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் நின்று ஆடுவோம். பந்து உயரத்தில் வரும்போது "எனக்கு!" என்று ஒரு குரல் கொடுப்பான். அந்தக் குரல் கேட்டால் நான் பேசாமல் விலகிக்கொள்வேன். மூன்று வருடத்தில் அந்தக் குரல் என்னை ஒரு தடவைகூட ஏமாற்றியதில்லை.

அன்றைக்கு ஃபைனல். எதிர் அணி உள்ளூர்க்காரர்கள். கூட்டம் கோட்டை ஒட்டி நின்றுகொண்டு விசிலும் தகர டப்பாவுமாகக் காதைப் பிளந்தது. இப்படி இருக்கும் என்று எங்கள் பி.டி. சாருக்குத் தெரியும். அதனால் பஸ்ஸில் வரும்போதே எனக்கு ஒரு ஜாடை சொல்லிக் கொடுத்திருந்தார். யாருக்காவது அடிபட்டால் கேப்டன் போய்ப் பார்க்க வேண்டும். ஆடுவான் என்றால் ஒரு கையைத் தூக்க வேண்டும். முடியாது என்றால் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே குறுக்காக வைக்க வேண்டும். அங்கிருந்து நான் காட்டுவதை வைத்துத்தான் அவர் முடிவெடுப்பார்.

ஆட்டம் முடிய கால் மணி நேரம் இருக்கும். ஒன்றுக்கு ஒன்று என்று சமமாக இருந்தது. எங்கள் மாற்று ஆட்டக்காரர்கள் இரண்டு பேரையும் ஏற்கெனவே இறக்கியாகிவிட்டது. இனி யார் வெளியே போனாலும் பத்துப் பேரோடுதான் ஆட வேண்டும். அப்போது உயரத்தில் ஒரு பந்து வந்தது. நண்பன் "எனக்கு!" என்று கத்திக்கொண்டே எகிறினான். அந்தப் பக்கத்து ஆளும் எகிறினான். இரண்டு தலையும் மோதிய சத்தம், தேங்காய் உடைத்த மாதிரி, அத்தனை இரைச்சலிலும் எனக்குக் கேட்டது.

அந்தப் பையன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். என் நண்பன் மல்லாக்க விழுந்து கிடந்தான். நான் ஓடிப்போய்த் தோளை உலுக்கினேன். கண் பாதி திறந்திருந்தது, பார்வை இல்லை. நெற்றிப்பொட்டில் ரத்தம்கூடக் கிடையாது. பத்து எண்ணுகிற நேரம் இருக்கலாம், அதற்கு மேலும் இருக்கலாம். யாரோ முகத்தில் தண்ணீர் தெளித்ததும் விழித்தான். எழுந்து நின்றான். ஒரு பக்கமாகச் சாய்ந்து, என் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

என் முகத்தைப் பார்த்து "ஏமாயிந்தி?" என்றான்.

என்ன ஆச்சு என்று தெலுங்கில் கேட்கிறான். "ஏலே, என்னலே செய்யுது?" என்றேன். அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, இந்தத் தடவை தமிழில், "நம்ம கோல் எந்தப் பக்கம்லே?" என்று கேட்டான்.

ரெஃப்ரீ அவசரப்படுத்தினார். கோட்டுக்கு வெளியே பி.டி. சார் இரண்டு கைகளையும் விரித்து, என்ன, என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் வாய் அசைவது தெரிந்தது, குரல் எட்டவில்லை. நான் நண்பனைப் பார்த்தேன். மைதானத்துக்குள் வந்து பார்க்கிற வசதியெல்லாம் அன்றைக்கு சாருக்கு இல்லை. அவருக்கு இருந்த கண் நான்தான்.

நான் ஒரு கையைத் தூக்கினேன்.

சாருக்குத் திருப்தி இல்லை. மறுபடியும் கையை ஆட்டிக் கேட்டார். மறுபடியும் தூக்கினேன். இந்தத் தடவை இன்னும் உயர்த்தி.

பத்து நிமிடம் அவன் ஆடினான். என்ன ஆடினான் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. கால்கள் பழக்கத்தில் ஓடின, குரல் மட்டும் வரவில்லை. கடைசியில் எங்களுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. கார்னர் அடிப்பது எப்போதும் நான்தான். நண்பனை முன்னால் போகச் சொன்னேன். தலையால் முட்டுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. அடிபட்ட தலை என்று தெரிந்தேதான் அந்தப் பந்தை அவன் தலைக்குக் கணக்குப் பண்ணி அடித்தேன். அவன் எகிறிய அழகை இன்றைக்கும் கண்ணை மூடினால் பார்க்கலாம். பந்து வலைக்குள் போனது. ஆட்டம் முடிந்தது.

அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினோம். இறக்கிவிட்டதும் போய் கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் வாந்தி எடுத்தான். "ஜெயிச்ச பய வாந்தி எடுக்கான் பாரு, எம்புட்டுச் சோடாலே குடிச்ச?" என்று ஒருவன் கேட்டான். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

ராஜபாளையம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். பி.டி. சார் முன்னால் டிரைவர் பக்கத்தில் இருந்தார். என் பக்கத்தில் அவன். வண்டி ஊரைத் தாண்டியதும் என்னிடம், "யாருலே ஜெயிச்சா?" என்றான். "நாமதாம்லே, நீதான கோல் போட்ட" என்றேன். "நானா?" என்று சந்தோஷமாகச் சிரித்தான். செத்த நேரம் கழித்து, "யாருலே ஜெயிச்சா?" என்றான். பின் சீட்டுக்காரர்கள் இதை ஒரு விளையாட்டாக எடுத்துக்கொண்டு, அவன் ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் ஒரே குரலில் பதில் சொல்லிக் கத்தினார்கள்.

ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ, முன் சீட்டிலிருந்து ஒரு அக்கா திரும்பினார். முப்பத்தைந்து வயது இருக்கும். மடியில் காய்கறிப் பை. கூட்டத்தைப் பார்க்கவில்லை, நேராக அவனைப் பார்த்தார்.

"தம்பி, இன்னைக்கு என்ன கிழமை?"

"வியாழக்கிழமை" என்றான்.

"காலைல என்ன சாப்புட்ட?"

அவன் யோசித்தான். பதில் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு என் தோளில் சாய்ந்தான். அந்த அக்கா எழுந்து வந்து அவன் கன்னத்தில் தட்டினார். "தூங்க விடாத தம்பி. இவனுக்கு எங்க அடிபட்டுச்சு?" என்று என்னைக் கேட்டார். தலையில் என்றேன். பஸ்ஸில் சிரிப்பு நின்றுபோனது.

ராஜபாளையத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் தான் நர்ஸ் என்றும், வண்டியை எங்கும் நிறுத்தாமல் நேரே அங்கே விடும்படியும் கண்டக்டரிடம் சொன்னார். கண்டக்டர் டிரைவரிடம் போய்ப் பேசிவிட்டு வந்து, "வழியில எறங்குறவக கோவிச்சுக்கிடாதீக, நேரே ஆஸ்பத்திரிக்குத்தான்" என்று சத்தமாகச் சொன்னார். புல்லுக்கட்டை மேலே போட்டிருந்த ஒரு பெரியவர் மட்டும் தன் ஊர் தாண்டிப் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "அதுக்கென்ன, பொறவு திரும்பி வந்துக்கிடுதேன். புள்ளையப் பாருங்க" என்றார். நின்றுகொண்டிருந்தவர்கள் ஒதுங்கி, அவனைச் சாய்த்து உட்கார வைக்க இடம் கொடுத்தார்கள். அவர்கள் ஒருவருக்கும் எங்களைத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் டார்ச் அடித்து அவன் கண்ணைப் பார்த்தார். "அடிபட்டதும் நெனவு தப்புச்சா?" என்று கேட்டார்.

பி.டி. சார்தான் பதில் சொன்னார். "இல்ல டாக்டர். ஒடனே எந்திரிச்சுட்டான். கேப்டன்கிட்ட ரெண்டு தடவ கேட்டேன், நல்லாத்தான் இருக்கான்னு கையத் தூக்குனான்."

டாக்டர் தலையாட்டினார். அப்படியானால் காலை வரை இங்கேயே வைத்துப் பார்க்கலாம் என்றார். நான் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தேன். அந்த நர்ஸ் அக்கா காய்கறிப் பையை இன்னும் கையிலேயே வைத்திருந்தார். என் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "தம்பி, உள்ளத உள்ளபடி சொல்லிரு. வெக்கப்படுற நேரம் இல்ல" என்றார். என் முகத்தில் எதைப் பார்த்தாரோ தெரியவில்லை.

சொன்னேன். நினைவு தப்பியதை, தெலுங்கில் கேட்டதை, கோல் எந்தப் பக்கம் என்று கேட்டதை, அதற்குப் பிறகு தலையால் பந்தை முட்டியதை, வாந்தியை எல்லாம் சொன்னேன். டாக்டர் என்னைத் திட்டவில்லை. உடனே மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதி, வண்டிக்கு ஆள் அனுப்பினார். பி.டி. சார் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில், "நான் கேட்டது அவனப் பத்திதாம்லே. மேட்ச்சப் பத்தி இல்ல" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் அதைப் பற்றி என்னிடம் என்றைக்கும் பேசியதில்லை.

மண்டைக்குள் ரத்தம் கசிந்திருந்தது. மதுரையில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர் வாக்கியத்தை முடிக்கவில்லை. மறுநாள் அவனுடைய அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "நீ மட்டும் கூட இல்லேன்னா எம்புள்ள எனக்கு இல்லய்யா" என்று அழுதார். அவர் பிடித்துக்கொண்டிருந்ததில் நான் தூக்கிக் காட்டிய கையும் ஒன்று. அதை விடுவித்துக்கொள்ளவும் முடியவில்லை, உண்மையைச் சொல்லவும் முடியவில்லை.

அவன் பிழைத்துக்கொண்டான். ஆனால் பரீட்சை எழுதவில்லை. வார்த்தைகளைத் தேடித் தேடிப் பேசினான். பந்தைத் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மிச்சமிருந்த இரண்டு மாதம் நான் ஆடினேன். பந்து உயரத்தில் வரும்போதெல்லாம் பழக்கத்தில் ஒரு கணம் அந்தக் குரலுக்காகக் காத்திருப்பேன். வராது. பந்து என்னைத் தாண்டிப் போய்விடும். கல்லூரி முடிந்ததோடு ஆட்டத்தையும் விட்டுவிட்டேன்.

அந்த நர்ஸ் அக்காவைப் பார்த்து நன்றி சொல்ல ஒரு நாள் போனேன். வார்டில் வேலையாக இருந்தார். "அந்தத் தம்பி நல்லா இருக்கானா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். "சரி, போயிட்டு வா" என்று சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

நண்பன் கோயம்புத்தூருக்கு அண்ணன் வீட்டோடு போய்விட்டான். போகும்வரை என்னைப் பார்க்கும்போதெல்லாம், "அந்த கோல எப்படிலே போட்டேன், சொல்லு" என்பான். அவன் வாழ்க்கையில் போட்ட மிகச் சிறந்த கோல் அவன் நினைவில் இல்லை. அந்த நாளே அவனுக்குக் கிடையாது. நானும் கார்னரில் ஆரம்பித்துச் சொல்வேன். அதற்கு முந்தைய கால் மணி நேரத்தை விட்டுவிடுவேன். குழந்தை மாதிரி கேட்டுக்கொண்டிருப்பான்.

தொண்ணூறுகளின் நடுவில் சேத்தூரில் ஒரு கல்யாணத்துக்கு வந்திருந்தான். நான் அப்போது ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணி கம்பெனியில் வேலை பார்த்தேன். பந்தி முடிந்து இருவரும் கண்மாய்க்கரை வரை நடந்தோம். அவனுக்குப் பேச்சு நன்றாகத் திரும்பியிருந்தது, லேசாக வழுக்கை விழுந்திருந்தது. வழக்கம்போல் கோலைப் பற்றிக் கேட்டான். அன்றைக்கு நான் முதலிலிருந்து சொன்னேன். எதையும் விடவில்லை.

அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "நீ கீழ கெடந்து நான் கேப்டனா இருந்தாலும் கையத் தூக்கிருப்பேம்லே" என்றான். கொஞ்சம் கழித்து, "ஆனா அந்த ஒரு கோல் மட்டும் எனக்கு ஞாபகம் இருந்திருக்கலாம். இல்லேன்னா அதுக்கப்புறம் ஆடவாவது முடிஞ்சிருக்கலாம். ரெண்டும் இல்லாமப் போச்சு பாத்தியா" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அன்றைக்கு அவனை பஸ் ஏற்றிவிட்டதுதான் கடைசி. இரண்டு கடிதம் போட்டேன். முதலாவதுக்குப் பதில் வந்தது, இரண்டாவது விலாசத்தில் ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. எங்கே இருக்கிறான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்றைக்கு ஜெயித்தோம் என்பது இப்போது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கும் என்று தெரியவில்லை. அவன் தட்டுத்தடுமாறி எழுந்து நின்ற அந்த ஒரு நிமிடத்தை யாராவது எனக்குத் திருப்பித் தந்தால், அவன் தோளில் கையைப் போட்டு, கூட்டம் என்ன கத்தினாலும் காதில் வாங்காமல், அவனை மெதுவாகக் கோட்டுக்கு வெளியே நடத்திக் கூட்டிப்போவேன்; தோற்று, அவனோடு ஒரே சீட்டில் உட்கார்ந்து, யாரால் தோற்றோம் என்று ராஜபாளையம் வரை சண்டை போட்டுக்கொண்டு வந்திருக்க வேண்டிய அந்தப் பயணத்துக்காகத்தான் நான் இன்னமும் ஏங்கிக்கொண்டிருக்கிறேன்.