வெள்ளிக்கிழமையில் வெட்டிய நகம்

போன வாரம் தி. நகரில் ஒரு நாய்க்கடைக்குப் போக நேர்ந்தது. நாய் விற்கிற கடையில்லை. குளிப்பாட்டி, முடி வெட்டி, நகம் சீவி அனுப்புகிற கடை. மகள் வளர்க்கும் வெள்ளைக் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஒரு சின்ன மெஷின் கொர்ரென்று நகத்தைத் தேய்த்தது. பிறகு ரோஸ் கலரில் நெயில் பாலிஷ். அதில் ஸ்ட்ராபெரி வாசனை வேறு. எனக்குக் குமட்டியது. நாயின் பாதத்துக்கென்று ஒரு வாசனை உண்டு, அது இதுவல்ல. மழையில் நனைந்த சாக்கு, புளித்த மாவு, பழைய செருப்பின் உட்புறம் எல்லாவற்றையும் கலந்து முகர்ந்து பாருங்கள். அதில் கொஞ்சம் சீழும் சேர்ந்தால் கருப்பி.

கருப்பி எங்கள் நாய். எங்கள் என்றால் எனக்கும் அறைத்தோழன் செல்வத்துக்கும். ராயப்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் மாடி அறை. வேலைக்குச் சேர்ந்த புதிது, ராத்திரியில் கவிதையும் எழுதுவேன். மீன் கழுவிய தண்ணீர், அழுகிய முட்டைக்கோஸ், வெற்றிலை எச்சில். அந்தச் சந்து பற்றி எழுதினால் காகிதமே முகம் சுளிக்கும். அங்கிருந்த குப்பைத்தொட்டிக்குள்ளிருந்துதான் செல்வம் கருப்பியைத் தூக்கி வந்தான். மாடியிலேயே அடைந்து வளர்ந்ததால் அவள் நகம் தேயவே இல்லை. நடந்தால் டக்கு டக்கென்று கீழ்வீடு முழுக்கக் கேட்கும்.

கீழே வீட்டுக்காரம்மாவும் அவர் மகள் வசந்தாவும். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வீட்டுக்காரம்மா படியேறி வந்தார்.

"தம்பி, சாயங்காலம் வசந்தாவைப் பொண்ணு பாக்க வர்றாங்க. தலைக்கு மேல குதிரை ஓடுற மாதிரி சத்தம் வந்தா மானம் போயிடும். நகத்தை வெட்டுங்க, இல்ல நாயை எங்கயாவது விட்டுட்டு வாங்க."

"இப்பவே வெட்டிடறோம்மா."

"ஐயய்ய! வெள்ளிக்கிழமையும் அதுவுமா என் வீட்டுக்குள்ள நகம் விழக் கூடாது."

செல்வம் விடவில்லை. "நாய்க்கு இன்னாம்மா வெள்ளி, செவ்வா?"

"நாய்க்கு இல்லப்பா. வீட்டுக்கு உண்டு."

வாசலைத் தாண்டி, குப்பைத்தொட்டிக்கும் பரோட்டாக் கடைக்கும் நடுவில் உட்கார்ந்தோம். செல்வம் அவளை அணைத்துப் பிடித்தான். என் கையில் எங்கள் நகவெட்டி. கறுப்பு நகத்தில் ரத்தம் எதுவரை ஓடுகிறதென்று வெளியே தெரியாது. முதல் வெட்டிலேயே கருப்பி வீறிட்டாள். என் சட்டையெல்லாம் ரத்தம்.

"இன்னா மச்சி, விரலையே எடுத்துட்டியா?"

பரோட்டா மாஸ்டர் ஒரு பிடி மைதாவை நீட்டினார். "அமுக்கிப் புடி நைனா."

அமுக்கியதும் நின்றது. அப்புறம் அரிசி முனையளவாகச் சீவினேன். வெட்டிய இடத்தின் நடுவில் ஈரமாய் ஒரு புள்ளி தெரிந்தால் நிறுத்திவிட வேண்டும், வித்தை அவ்வளவுதான்.

கடைசியாக முன்காலின் உட்புறம், முடிக்குள் மறைந்திருந்த கட்டைவிரல் நகம். தரையில் படாத நகம் அது. வளையமாகச் சுருண்டு சதைக்குள்ளேயே இறங்கியிருந்தது. முடியை விலக்கினேன், மஞ்சளாய் வழிந்தது. அந்த நாற்றத்துக்கு முன்னால் மீன் தண்ணீர் பன்னீர். கவிதை எழுதுகிறவன் வயிறு எவ்வளவு தாங்கும்? குப்பைத்தொட்டியைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தேன். செல்வம் அவளை மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, அவள் காலில் கட்டோடு திரும்பினான்.

ஒன்றை நாங்கள் யோசிக்கவில்லை. சத்தமில்லாத நாய் எங்கே போகிறதென்று யாருக்கும் தெரியாது. சாயங்காலம் நாங்கள் அசந்து கண்மூடிய நேரத்தில் கருப்பி படியிறங்கி, நேரே கூடத்துக்குப் போய், மாப்பிள்ளையின் அம்மா காலடியில் படுத்துவிட்டாள். கட்டு ஊறி நாறிக்கொண்டிருந்தது.

"சீச்சீ! வீடா இது? தூக்கி வெளிய போடுங்க இந்த எழவை!"

அந்த அம்மா சொன்னதோடு விடாமல் எத்தினார், அதுவும் கட்டுப் போட்ட காலிலேயே. அலறல் கேட்டு இறங்கி ஓடினோம். முந்தானையால் பொத்திய அந்த மூக்கைவிட அருவருப்பான ஒன்றை அந்தச் சந்திலேயே நான் பார்த்ததில்லை.

"தம்பி, கொண்டு போயிடுங்க. இனிமே இது இந்த வீட்டுக்குள்ள வரக் கூடாது," என்றார் வீட்டுக்காரம்மா.

வசந்தா ஜமக்காளத்திலிருந்து எழுந்து வந்தாள். சீழோடும் மைதாவோடும் கருப்பியை வாரி, பட்டுப்புடவை மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"இது இங்கதாம்மா இருக்கும். நீ இவங்களை அனுப்பு."

வந்தவர்கள் காபியைத் தொடாமல் போனார்கள். வீட்டுக்காரம்மா அழுது முடித்துவிட்டு, கருப்பிக்கு ஒரு கிழிந்த பாயைப் போட்டார். அன்றிலிருந்து அவள் கீழ்வீட்டு நாய்.

அந்த வீடு இப்போது இல்லை. கருப்பி எப்போதோ போய்விட்டாள். வசந்தா எந்த ஊரில் இருக்கிறாளோ. செல்வத்தின் பழைய நம்பரில் வேறு யாரோ பேசுகிறார்கள். சந்து முனையில் கண்ணாடிக் கதவு வைத்த பெரிய கட்டடம், உள்ளே ஏ.சி. குளிர், பளிங்குத் தரை. மூக்கைப் பொத்திக்கொள்ள அங்கே எதுவும் இல்லை. மடியில் வாரிக்கொள்ளவும் எதுவும் இல்லை.