செத்தவீட்டில் சொன்ன சொல்

வட்டக்கச்சிக் குகதாசனுக்கு மறதி வருத்தம் தொடங்கிவிட்டது என்று டாக்குத்தர் சொன்னபோது வயது ஐம்பத்தெட்டு. மூலைக்குள் முடங்காமல் நாலு பேரோடு கதைத்துத் திரியவும் சொன்னார். அதை மட்டும் மனுசன் மறக்கவில்லை. நேரே தேத்தண்ணிக்கடைக்குப் போனார்.

"எனக்கு மறதி வருத்தமாம். சொன்ன கதையையே திருப்பிச் சொன்னால் குறை நினையாதேங்கோ."

"முந்தியும் அப்பிடித்தானே, அண்ணை," என்றான் கடைக்கார ரூபன். அத்தோடு ஊருக்கு அந்தச் செய்தி பழசாகிவிட்டது.

மனைவி கௌசலாவுக்குத்தான் பயம். சைக்கிளில் போகிற மனுசன் எங்கே தடுமாறுவாரோ, எவர் சிரிப்பாரோ என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. பயந்தபடியே நடந்தது, அதுவும் செத்தவீட்டில்.

கூட்டாளி வீரகத்தி மோசம் போனார். செத்தவீட்டிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல்தான் எழும்பி வரவேண்டும். 'வாறன்' என்றால் துக்கமும் திரும்பி வருமாம். இது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். குகதாசனோ வீரகத்தியின் மனைவி அன்னபாக்கியத்தின் முன்னால் நின்று, வாய் நிறைய, "அப்ப அக்கா, போட்டு வாறன்" என்றார். ஒப்பாரியே நின்றுபோனது.

வீட்டுக்கு வந்ததும் கௌசலா சைக்கிளைப் பூட்டித் திறப்பை ஒளித்தாள்.

"மானம் போச்சு. இனி ஒரு இடமும் போகவேண்டாம்."

குகதாசன் முற்றத்தில் கதிரையைப் போட்டு இருந்தார். ஒருவரும் வரவில்லை. கதை குறைந்தது. மகள் யதுர்ஷிகா போனில் கதைத்தபோது அவளுடைய பெயர் அவர் வாய்க்கு வரவில்லை. கௌசலா குசினிக்குள் போய் அழுதாள். ஆனாலும் திறப்பைக் கொடுக்கவில்லை, பிடிவாதக்காரி.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து கொஞ்சநாளில் அன்னபாக்கியமே படலையடிக்கு வந்தார்.

"எங்கை பிள்ளை, உன்ரை மனுசன்? காரியம் முடிஞ்சதோடை வீட்டுப்பக்கம் ஒருத்தரும் எட்டிப் பாக்கேல்லை. வாறன் எண்டு சொன்னது அவன் ஒருத்தன்தான். அவனையும் காணேல்லை."

கௌசலா திறப்பை எடுக்க உள்ளே ஓடினாள். அலுமாரியில் இல்லை. சாமியறையில் இல்லை. எங்கே வைத்தோம் என்பதே நினைவில்லை.

"அரிசி வாளிக்குள்ளை பாரும்," என்றார் குகதாசன், கதிரையில் இருந்தபடியே.

இருந்தது.

"தெரிஞ்சுகொண்டோ இவ்வளவு நாளும் இருந்தனீங்கள்? ஏன் எடுக்கேல்லை?"

"நீர் பயந்துபோனீர். அதுதான்."

கௌசலா திறப்பில் ஒட்டியிருந்த தவிட்டைச் சீலைத் தலைப்பால் துடைத்து, அவர் கையில் வைத்தாள்.

"போட்டு வாங்கோ," என்றாள்.