மரவள்ளி அவித்த ஞாயிற்றுக்கிழமை

மயிலாப்பூர் மாட வீதியில் காய்கறி வாங்கப் போனால் ஒரு காட்சி எனக்கு இன்னும் பழகவில்லை. மரவள்ளிக்கிழங்கையும் இஞ்சியையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு சனம் சர்வசாதாரணமாகப் போகிறது. யாழ்ப்பாணத்தில் நாங்கள் இரண்டையும் ஒரே நாளில் வயிற்றுக்குள் சேர்க்க மாட்டோம். சேர்ந்தால் நஞ்சு. இதை வாசிக்கும் ஊரவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

பட்டினப்பாக்கத்தில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் பின்பக்கத்தில், அகதி முகாமிலிருக்கும் என் மாமி தந்த மரவள்ளித் தடியொன்றை நட்டிருந்தேன். கடற்காற்றில் அது பிழைத்ததே பெரிய காரியம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் கிழங்கைப் பிடுங்கி, தோலுரித்து, நடுநரம்பை எடுத்து, சட்டியை மூடாமல் அவித்தேன். தொட்டியில் காய்த்த பச்சை மிளகாயோடு தேங்காய்ப்பூச் சம்பல். ஏழு வயது மகள் ஆரணி இரண்டு தட்டு சாப்பிட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கீழே விளையாடப் போனவள் அரை மணி நேரத்தில் திரும்பி வந்து, "அம்மா, குமுதா ஆன்ட்டி டீ தந்தவா. இஞ்சி போட்டது," என்றாள்.

கீழ் வீட்டுக் குமுதாக்கா கடற்கரைச் சாலையில் மீன் விற்பவர். ஓடிப்போய், "ஏன் குடுத்தனீங்கள்? எவ்வளவு குடுத்தனீங்கள்?" என்று கத்தினேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "இன்னா இப்டி கேக்குற? என் புள்ளைங்க குடிக்கிற டீயத்தானே குட்தேன். வெசமா வெச்சேன்?"

ஆம் என்று வாய் வரை வந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். பின்னாலேயே வந்து ஆட்டோவை மறித்ததும் குமுதாக்காதான்.

ஆட்டோவில் ஆரணியின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் தங்கை வதனிக்கு முதலில் உதடுதான் நீலமானது. இடம்பெயர்ந்து ஒரு தோட்டத்தில் தங்கியிருந்த நாட்கள் அவை. யாரோ விட்டுப்போன மரவள்ளியைப் பிடுங்கி அம்மா அவித்துத் தந்தா. பின்னேரமே வதனி போய்விட்டாள். பக்கத்துக் கொட்டிலில் இஞ்சித் தேத்தண்ணி குடித்திருக்கிறாள், அதுதான் என்றா அம்மா. எனக்கு அப்போது எட்டு வயது. அன்றிலிருந்து அம்மாவின் வீட்டுக்குள் இஞ்சி வந்ததில்லை.

ஆஸ்பத்திரியில் மருத்துவர் ஆரணியைப் பார்த்தார். "இஞ்சியால ஒண்ணும் ஆகாதும்மா. கிழங்க நல்லா வேக வெச்சீங்களா? அரைவேக்காடா இருந்தாத்தான் ஆபத்து. கொஞ்ச நேரம் இங்கயே இருங்க."

நன்றாக அவித்திருந்தேன். ஆரணி குமுதாக்காவின் மடியில் உட்கார்ந்து அவருடைய வளையல்களை எண்ணிக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. அன்றைக்கு விமானச் சத்தம் கேட்டு அம்மா அடுப்பை அவசரமாக அணைத்தது நினைவுக்கு வந்தது. பதுங்கு குழிக்குள் வைத்துத்தான் கிழங்கைத் தின்றோம். வதனிக்குப் பசி, அவள்தான் கூடத் தின்றாள். தேயிலைக்கே வழியில்லாத அந்தத் தோட்டத்தில் இஞ்சி எங்கிருந்து வந்தது?

அம்மாவுக்கும் இது தெரிந்திருக்கும். இஞ்சி என்று சொல்லித்தான் அவ இத்தனை வருடம் உயிரோடு இருக்கிறா.

திரும்பும்போது குமுதாக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "வுடு கண்ணு. புள்ளைன்னா அப்டித்தான் பதறும்," என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

நேற்று மறுபடி மரவள்ளி அவித்தேன். கணவரின் டீக்காக வைத்திருந்த இஞ்சித் துண்டை முதலில் குமுதாக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். மருத்துவர் சொன்னது மூளைக்குப் புரிகிறது, கைக்குப் புரியவில்லை. சட்டி கொதிக்கும்போது யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா போன் எடுத்தா. என்ன சமையல் என்று கேட்டா. சொன்னேன்.

"இஞ்சி வீட்டில இல்லைத்தானே, பிள்ளை?"

"இல்லையம்மா," என்றேன். அது கீழ் வீட்டில் இருந்தது.